அந்த நீலக் கட்டிக்கு எத்தனை நாள் ஆயிற்று?

கேள்வி: எனக்கு வயது 38. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஒரு வாரமாக மலச்சிக்கல். திங்கட்கிழமை காலை முக்கி முக்கித்தான் போனேன். மத்தியானம் ஆசனவாய் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. ராத்திரிக்குள் திராட்சை அளவுக்கு ஒரு கட்டி. கை பட்டால் உயிர் போகிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், நீலமாக இருக்கிறது. இன்று புதன். ரத்தம் வரவில்லை, காய்ச்சல் இல்லை. உள்ளே தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. உள்ளே போகாவிட்டால் நான்காம் நிலை மூலம், ஆபரேஷன்தான் வழி என்று இணையத்தில் படித்தேன். ரப்பர் வளையம் போட்டால் விழுந்துவிடும் என்றும் போட்டிருக்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ என்று வேறு பயம். வீட்டில் முதுகுவலி என்று சொல்லிச் சமாளிக்கிறேன். மனைவியும் நம்பித் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறார். டாக்டரிடம் காட்டத்தான் வேண்டுமா?

பதில்: கடிதத்தைப் படித்து முடித்ததும் நாளைத்தான் முதலில் விரல்விட்டு எண்ணினேன். திங்கள் ராத்திரி கட்டி, புதன்கிழமை கடிதம். ஏறக்குறைய 48 மணி நேரம். வலியின் உச்சத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்து என்பதுகூடத் தப்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எழுதியிருப்பீர்கள். இந்தப் பதில் உங்கள் கண்ணில் படும்போது வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கும் என்பது என் கணக்கு. குறையாமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகிறதென்றால், மீதியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இன்றே ஒரு மருத்துவரிடம் போங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது வெளிமூலத்தில் ரத்தம் உறைந்து கட்டிய கட்டி. முக்கியபோது அடிவயிற்றில் ஏறிய அழுத்தம் ஆசனவாயைச் சுற்றியுள்ள சிறு ரத்தக் குழாய்களில் இறங்கியிருக்கிறது. அதில் ஒன்றில் ரத்தம் தேங்கி உறைந்துவிட்டது. உறைந்த ரத்தம் தோலுக்கு அடியில் இருப்பதால்தான் நீலம். தோல் விண்ணென்று இழுபடுவதால்தான் அந்த வலி. கனமான பொருளைத் தூக்கிய மறுநாள் இப்படி வருபவர்கள் உண்டு, நாலைந்து நாள் பேதிக்குப் பிறகு வருபவர்கள் உண்டு, பிரசவம் முடிந்த கையோடு வரும் பெண்களும் உண்டு. சிலருக்கு ஒரு காரணமும் கிடைக்காது. காலையில் எழுந்தால் கட்டி இருக்கும், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கோட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். ஆசனவாய்க் குழாய் மொத்தமே ஏறக்குறைய 4 செ.மீ. நீளம். அதன் நடுவாக்கில் ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே குடலின் மெல்லிய உள்தோல். அங்கே கிள்ளினாலும் குத்தினாலும் சுருக்கென்று தெரியாது. கோட்டுக்குக் கீழே இருப்பது அசல் தோல். விரல் நுனியைப் போல உணர்ச்சி நரம்புகள் நிறைந்த இடம். கோட்டுக்கு மேலே வருவது உள்மூலம், கீழே வருவது வெளிமூலம். உள்மூலம் பெரும்பாலும் வலிக்காமல் ரத்தம் கொட்டும். வெளிமூலம், அதிலும் ரத்தம் உறைந்தால், ரத்தமே வராமல் ஆளைப் புரட்டிப்போடும்.

நீங்கள் படித்து மிரண்ட மூன்று விஷயங்களுக்கும் இந்தக் கோட்டிலேயே பதில் இருக்கிறது. முதல் நிலை, இரண்டாம் நிலை, நான்காம் நிலை என்று எண்ணுவதெல்லாம் உள்மூலத்துக்கு. உள்ளே இருப்பது எவ்வளவு தூரம் வெளியே இறங்குகிறது, தானாகத் திரும்புகிறதா, கையால் தள்ள வேண்டுமா, தள்ளினாலும் போகாதா என்பதற்கான கணக்கு அது. உங்கள் கட்டி உள்ளேயிருந்து வெளியே வந்ததே இல்லை. வெளியிலேயே பிறந்தது. அதை உள்ளே தள்ளப் பார்த்ததில் உங்களுக்கு மிச்சம் கூடுதல் வீக்கம்தான். இனி அதைத் தொடாதீர்கள். ரப்பர் வளையமும் அதே மாதிரி உள்மூலத்துக்கான வைத்தியம். உணர்ச்சியில்லாத மேல் பகுதியில் போடுவதால்தான் மரத்துப்போகும் ஊசிகூட இல்லாமல் அதைப் போட முடிகிறது. அந்த வளையத்தை உங்கள் கட்டியில் மாட்டினால், மாட்டியவர் அன்று நிம்மதியாக வீடு போய்ச் சேர மாட்டார்.

மூலம் என்ற சொல்லே ஏதோ முளைக்கக் கூடாதது முளைத்துவிட்ட மாதிரி ஒரு பயத்தைக் கொடுக்கிறது. 1975இல் தாம்சன் என்ற அறுவை மருத்துவர் ஆசனவாய்க் குழாயின் அமைப்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திண்டுகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ளே இருக்கின்றன என்று காட்டினார். நாம் அறியாமல் காற்றும் நீரும் கசிந்துவிடாமல் வாயை அடைத்து வைப்பதில் அந்தத் திண்டுகளுக்கும் பங்கு உண்டு. அவை சரிந்து இறங்கினால் உள்மூலம். வெளியே தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கினால் வெளிமூலம். ஆக, எந்த மூலமும் அன்னியப் பொருள் கிடையாது. மூலம் முற்றிப் புற்றுநோயாக மாறுவதும் கிடையாது. காலையில் இல்லாத கட்டி ராத்திரிக்குள் திராட்சையாவது புற்றுநோயின் வழக்கமும் இல்லை. வாரக்கணக்கில் கரையாமல் கெட்டியாக நிற்கும் கட்டியும் ஆறாத புண்ணும்தான் அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டியவை.

சரி, டாக்டரிடம் காட்ட வேண்டுமா? ஒரு தடவை காட்டுங்கள் என்பேன். நோயாளிகள் பயப்படுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் நடப்பதில்லை. இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மார்புப் பக்கம் மடக்கிக்கொள்ளச் சொல்வோம். மேலே ஒரு துணி போர்த்தியிருக்கும். முகம் சுவரைப் பார்த்து இருக்கும். கையால் லேசாக விலக்கிப் பார்த்தாலே உங்கள் மாதிரி ஆளுக்குப் பாதி விடை தெரிந்துவிடும். வலி இந்த அளவு இருக்கும்போது விரல் விட்டோ குழாய் விட்டோ பார்க்க மாட்டேன். வலி அடங்கியபின் இன்னொரு நாள் வரச் சொல்லி உள்ளே பார்த்துக்கொள்ளலாம். மொத்தத்தில் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டு, ஒரு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வராது, வருத்தமாக இருக்கும். ஏனென்றால் இந்தக் கட்டிக்கு வைத்தியம் எது என்பதை முடிவு செய்வது எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு. கூச்சம் தின்றுவிடுவது சரியாக அந்த நாட்களைத்தான்.

கட்டி தோன்றி 72 மணி நேரத்துக்குள், வலி தாங்க முடியாத நிலையில் ஒருவர் வந்தால், அதை எடுத்துவிடலாம் என்று சொல்வேன். மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி. மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஊசி எரியும், நாலைந்து விநாடி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒன்றும் தெரியாது. மேல் தோலோடு சேர்த்துக் கட்டியை நீள்வட்டமாக வெட்டி எடுப்போம். கறுத்த உறைகட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சிலருக்கு ஒன்றாக இருக்காது, தானிய மணிகள் மாதிரி இரண்டு மூன்று அறையாகப் பிரிந்து கிடக்கும். அதனால்தான் லேசாகக் கீறி, பிதுக்கி விட்டு அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை. கீறிய வாய் மறுநாளே ஒட்டிக்கொள்ளும், மிச்சமிருந்த இடத்தில் மறுபடியும் ரத்தம் உறையும், நோயாளி முந்தின நாளைவிட மோசமாகத் திரும்பி வருவார். வெட்டிய இடத்தைத் தைக்காமல் திறந்தபடி விடுவதே வழக்கம். அது ஆறச் சில வாரம் பிடிக்கும். ஆனால் அந்த இறுக்கம் அன்றே போய்விடும். உள்ளே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், போகும்போது சீட்டு எழுதி முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

மூன்று நாள் கடந்துவிட்டால், வலி ஏற்கெனவே இறங்க ஆரம்பித்துவிட்டால், கத்தியை எடுப்பதில் லாபம் குறைவு. உடம்பு தானே உறைகட்டியைக் கரைக்கத் தொடங்கிவிட்டது. புதிதாக ஒரு புண்ணை உண்டாக்கி, ஓய்ந்துவரும் வலியை ஏன் மறுபடி கிளப்ப வேண்டும்? உங்கள் விஷயத்தில் இந்த வழியைத்தான் சொல்வேன். வலி ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும், கட்டி முழுதாகச் சுருங்க மேலும் சில வாரம் ஆகும்.

2004இல் வெளியான ஓர் ஆய்வு 231 நோயாளிகளைப் பார்த்தது. வெட்டி எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொந்தரவு தீரச் சராசரியாக 4 நாள், மருந்தோடு காத்திருந்தவர்களுக்கு 24 நாள். திரும்பவும் வந்தது, காத்திருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு, வெட்டியவர்களில் ஏறக்குறைய பதினாறில் ஒருவருக்கு. பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு என்பதால் அந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்ற அளவில் என் அனுபவமும் அதுதான்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். அகலமான தொட்டியில் இடுப்பு மூழ்கும் அளவுக்கு இளஞ்சூடான வெந்நீர் விட்டு, 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை. மலம் கழித்தவுடன் ஒரு தடவை கட்டாயம். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. உப்பு, கிருமிநாசினி எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். கிருமிநாசினியை ஊற்றி உட்கார்ந்து தோல் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கட்டியைவிட அந்த எரிச்சல்தான் பெரும்பாடாக இருந்தது. வெந்நீரால் கட்டி கரையும் என்று எண்ண வேண்டாம். வலியில் இறுகிக் கிடக்கும் ஆசனவாய்த் தசை தளரும், அதுதான் பலன். வெளியே வந்து துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் ஐபுபுரூஃபன் எடுத்துக்கொள்ளலாம். கோடீன் கலந்த மாத்திரை மட்டும் வேண்டாம். வலியைக் குறைத்துவிட்டு மலத்தைக் கல்லாக்கும், மறுபடியும் முக்க வேண்டிவரும். லிடோகெயின் களிம்பு தடவினால் கொஞ்ச நேரம் மரத்திருக்கும். நிஃபெடிபின் கலந்த களிம்பு அந்தத் தசையின் இறுக்கத்தைக் குறைக்கும், அதை மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் மூலக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் அதைத் தடவ வேண்டாம், அந்தத் தோல் மெலிந்து எரிச்சலும் அரிப்பும் புது நோயாக வந்து சேரும்.

இடையில் ஒரு நாள் கட்டி தானே உடைந்து உள்ளாடை நனையலாம். கறுப்பாகத் திட்டுத் திட்டாக ரத்தம் வரும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நிமிடமே வலி பாதியாகிவிடும். கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காவிட்டாலும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இயற்கையே உடைக்கிறதே, நாமே செய்தால் என்ன என்று ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்க மட்டும் வேண்டாம்.

இனி, கூடிக்கொண்டே போகும் வலியைப் பற்றி. ஆசனவாய் அருகே சீழ்க்கட்டி வந்தாலும் இதே மாதிரிதான் தொடங்கும். வித்தியாசம் நாள் போகப் போகத் தெரியும். ரத்தம் உறைந்த கட்டி மூன்றாம் நாளுக்குப் பிறகு அடங்கும், சீழ்க்கட்டி ஏறும். நீலத்துக்குப் பதிலாகச் சிவந்து சூடாக இருக்கும், விண் விண்ணென்று துடிக்கும், காய்ச்சலும் குளிரும் சேரலாம். அது கீறிச் சீழை வெளியேற்ற வேண்டிய அவசரம். ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கும் விஷயம் கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது. கட்டியே இல்லாமல், மலம் போகும்போது பிளேடால் அறுப்பது போல வலித்து, பிறகு மணிக்கணக்கில் கடுத்தால் அது பெரும்பாலும் ஆசனவாய்த் தோலில் விழுந்த வெடிப்பு. அதற்கு வைத்தியம் வேறு.

அப்புறம் கழிவறை. உட்கார்ந்து பார்க்கும் வேலையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அந்த நாற்காலியைவிடக் கழிவறையில் உட்காரும் நேரத்தின் மேல்தான் சந்தேகம். உங்கள் கைபேசி உள்ளே வருகிறதா? வருகிறதென்றால் நாளை முதல் வெளியே நிற்கட்டும். ஐந்து நிமிடத்தில் வந்தால் சரி, வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், உணர்ச்சி வரும்போது மறுபடி போகலாம். நாற்காலி மாதிரியான பீங்கானில் உட்காருபவராக இருந்தால் காலடியில் ஒரு சாண் உயரத்துக்கு முக்காலி ஒன்றைப் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். மலக்குடலை ஒரு தசை முன்பக்கம் இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. குந்தும் நிலையில் அந்த வளைவு நிமிரும், முக்க வேண்டிய வேலை குறையும்.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கீரை, காய், தோலோடு சாப்பிடும் பழம், பயறு, தவிடு நீக்காத தானியம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த அளவு வரும். இப்போதைக்கு இசப்கோல் உமி ஒரு கரண்டியைப் பெரிய தம்ளர் தண்ணீரில் கலக்கி ராத்திரி குடியுங்கள், அதற்கு மேல் இன்னொரு தம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் உமியே உள்ளே அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் வாயுவும் வயிற்று உப்புசமும் இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். அதுவும் போதாவிட்டால் லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை மருத்துவர் எழுதித் தருவார். வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவதுதான் இந்த நாட்களில் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு நாள் அடக்கினால் அடுத்த நாள் இன்னும் இறுகும்.

எல்லாம் முடிந்தபின் கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னத் தோல் தொங்கல் மிஞ்சலாம். காற்றுப் போன பலூன் மாதிரி, வலிக்காது, நிறம் மாறியிருக்காது. அதைப் பார்த்து மூலம் திரும்ப வந்துவிட்டது என்று ஓடி வருபவர்கள் நிறைய. அதை எடுக்க வேண்டிய அவசியமில்லை. கழுவும்போது அழுக்கு தங்கி அரிப்பெடுத்தால் மட்டும் யோசிக்கலாம். சோப்புப் போட்டு அழுந்தத் தேய்த்தால் அரிப்பு கூடும்.

உங்களுக்கு ரத்தம் வரவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வலியே இல்லாமல் ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம், வலிக்காததால் மூலம்தானே என்று விட்டிருக்கலாம். வலியால் துடிப்பவரைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மலத்தோடு கலந்து வரும் ரத்தம், கறுத்த மலம், சில வாரமாக மாறிப்போன மலப் பழக்கம், காரணமில்லாமல் குறையும் எடை, ரத்தசோகை, பெற்றோர் உடன்பிறந்தாருக்குக் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் மூலம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று அதோடு நிறுத்தக் கூடாது. 45 வயதைத் தாண்டியபின் முதல் முறையாக ரத்தம் பார்த்தாலும் அப்படியே. மூலமும் இருக்கலாம், உள்ளே வேறொன்றும் இருக்கலாம். கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

முதுகுவலிக் கதையை இனியும் நீட்ட முடியாது. நாளைக்கு மூன்று தடவை தொட்டியில் உட்காரப் போகிறீர்கள், அதற்கு மனைவியிடம் என்ன காரணம் சொல்வீர்கள்? உண்மையைச் சொல்லிவிடுங்கள், வெந்நீராவது நேரத்துக்குக் கிடைக்கும். தைலத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் ஒன்று மட்டும் கவனம், முதுகைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் களிம்பு தடவிக்கொள்ளாதீர்கள். கோட்டுக்குக் கீழே உள்ள தோல் அது, அந்த எரிச்சலுக்கு என்னிடம் மருந்து கிடையாது.